இருபத்தொன்பதாவது தேங்காய்

பிள்ளையாருக்கென்று நேர்ந்த ஒரு தேங்காயை, பிள்ளையார் யாரென்றே தெரியாத ஒரு டெனிஷ் பெண் உடைத்தால், அது யாருடைய கணக்கில் சேரும்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. எங்கள் கோயில் ஐயரிடம் கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் திருநீற்றை அவசரமாகத் தந்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

நான் இயல்பிலேயே அவதானமான ஆள். (என் கணவர் சுதன் இதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்.) மகள் ஆரணிக்கு நாலு வயதாகிறது. அவளுடைய பாலை இன்னமும் என் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். ஊரில் பட்டப்படிப்புக்குப் புள்ளிவிபரவியல் படித்தவள். கலியாணம் கட்டி டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊருக்கு வந்து, டெனிஷ் படித்து, இப்போது சில்க்போர்க்கில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். எதையும் கணித்துப் பார்க்காமல் செய்வதில்லை. அப்படிப்பட்டவள்தான் நாற்பது பேருக்கு முன்னால், தலைமுடியில் தேங்காய்ச் சொட்டுத் துண்டொன்றுடன் நின்றேன். நன்றாகக் கணித்துப் பார்த்ததால் வந்த வினை அது.

சுதனின் அக்கா வாசுகி மச்சாள் கனடாவில் இருக்கிறார். அவருடைய மகன் தருண் அங்கே சம்பளத்துக்குப் புட்போல் விளையாடுகிறவன். கனடாப் புட்போல் காலால் விளையாடுவதல்ல. இரண்டு முனையும் கூரான பந்து, தலையில் கவசம், ஒருவர் மேல் ஒருவர் லொறி மாதிரி மோதுவார்கள். நடுவில் நிற்கிற ஒருவன் பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிற தன் ஆட்களில் யாருக்காவது எறிய வேண்டும் (இதுதான் பாஸ்). அல்லது பக்கத்தால் ஓடிவருகிறவனின் வயிற்றுக்குள் திணிக்க வேண்டும். அந்த நடு ஆளுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். தருண் குவாட்டர்பேக். ஆனால் இரண்டாவது குவாட்டர்பேக். முதலாவது ஆள் நன்றாக இருக்கும்வரை இவனுக்கு வேலை மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருப்பதுதான். வாசுகி மச்சாள் இதைச் சொந்தக்காரருக்கு விளக்குவதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "டொக்டருக்குப் படிச்சிருந்தால் ஒரு சொல்லில முடிஞ்சிருக்கும்" என்பார்.

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் மச்சாள் அழைத்தார்.

"பிள்ளை, முதலாவது பெடியனுக்குத் தோள் விலகிப் போச்சாம். சனிக்கிழமை எங்கட தருண்தான் முழு மட்சும். இதில சரியாச் செய்யாட்டி இந்த வருசத்தோட அனுப்பிப் போடுவாங்கள். வேற ஒருத்தனைக் கூப்பிட்டு வச்சிருக்கிறாங்கள். நீர் உங்கட பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வையும்."

எங்கள் பிள்ளையார் என்று அவர் சொன்னது, எங்கள் பக்கத்துக் கோயில் பிள்ளையாரை. ஒரு கோடை விடுமுறைக்கு டென்மார்க் வந்தபோது மச்சாள் அவரிடம் கேட்ட விசயம் ஒன்று உடனே நடந்துவிட்டது. (என்ன விசயம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.) அன்றிலிருந்து கனடாவிலுள்ள அத்தனை பிள்ளையாரையும் விட்டுவிட்டு அவருக்குத்தான் மச்சாள் எல்லாவற்றையும் ஒப்படைப்பது. இடையில் நிற்கிற தபால்காரி நான்.

"நூற்றெட்டுச் சிதறுதேங்காய் எண்டு நேரும்" என்றார்.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. டென்மார்க்கில் நூற்றெட்டுத் தேங்காய்க்கு எங்கே போவது? நேர்ந்துவிட்டுச் செய்யாமல் விட்டால் பிறகு ஆரணிக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால்கூட அதனால்தான் என்று யோசிப்பேன். மச்சாள் முன்பு அனுப்பியிருந்த காணொளிகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். தருண் மட்சின் கடைசியில் இறக்கப்பட்டு விளையாடிய துண்டுகள். பையன் பந்தை எறிவதே அபூர்வம். வாங்கி, பக்கத்தில் ஓடுகிறவனின் வயிற்றில் திணித்துவிட்டு ஒதுங்கி நின்றான். சராசரி பார்த்தேன். முழு மட்சுக்கும் விரித்துப் பார்த்தாலும் பத்தைத் தாண்டாது. வென்றுகொண்டிருக்கிறவர்கள் நேரத்தைக் கடத்துவதற்காகப் பந்தை எறியாமல் ஓடுவார்கள் என்பதும், நான் பார்த்த துண்டுகள் எல்லாம் அப்படிப்பட்டவை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மாதிரி எடுப்பதில் உள்ள பிழைகளைப் பற்றி நான் பரீட்சையில் நல்ல விடை எழுதியவள்.

"மச்சாள், நூற்றெட்டை விட இது நல்லம்" என்றேன். "தருண் எறிஞ்சு, எங்கட ஆள் சரியாப் பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தேங்காய் எண்டு நேருவம். அப்ப பிள்ளையார் ஒவ்வொரு பந்தையும் கவனிப்பார் அல்லோ."

மச்சாள் உருகிப் போனார். "படிச்ச பிள்ளை எண்டுறது இதுதான்."

விளக்கேற்றி நேர்ந்தேன். மனசுக்குள் எட்டுத் தேங்காய் என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அங்கே மத்தியானம், இங்கே இராச்சாப்பாட்டு நேரம். மடிக்கணினியை மேசையில் வைத்து, புட்டை அவித்து வைத்துக்கொண்டு இருந்தேன். எண்ணுவதற்கு ஆரணியின் பிளாஸ்டிக் கட்டைகள். பிடிபடும் பந்துக்கு ஒரு கட்டை, அதைப் போட ஒரு சட்டி. மச்சாளின் அழைப்பு வந்தது. அவருடைய கணவர், எங்கள் அத்தான், மைதானத்துக்குப் போய்விட்டாராம்.

"எனக்குப் பாக்க ஏலாது பிள்ளை. நெஞ்சு இடிக்குது. நான் சாமியறையில கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன். நீர் பாத்துச் சொல்லும்."

இப்படியாக, கனடாவில் நடந்த மட்சை, கனடாவில் இருந்த தாய்க்கு, இக்காஸ்டிலிருந்து நான் நேர்முக வர்ணனை செய்யத் தொடங்கினேன். விளையாட்டின் விதிகளை அன்று காலைதான் வாசித்திருந்தேன்.

முதல் பந்து நிலத்தில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை எறிய முன்னமே தருணை ஒரு மாமிசமலை தூக்கி நிலத்தில் போட்டது.

"என்ன நடக்குது?"

"ஆறுதலா... களைப்பாறுறான் மச்சாள்."

அடுத்த முறை பந்து நீளமாக, அழகாகப் பறந்தது. ஒருவன் பாய்ந்து பிடித்தான். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"பிடிச்சிட்டான்! பிடிச்சிட்டான் மச்சாள்!"

"முருகா! ஆர் பிடிச்சது?"

"உயரமான பெடியன். சிவப்புச் சட்டை."

"பிள்ளை, எங்கட ஆக்கள் பச்சை அல்லோ?"

சட்டிக்குள் போட்ட கட்டையைத் திரும்ப எடுத்தேன். மச்சாள் அழுத சத்தம் கேட்டது. இது எவ்வளவு பெரிய விசயம் என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. திரையில் அந்தப் பையன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வாங்கில் குனிந்து இருந்தான். சிறுவயதில் டென்மார்க் வந்தபோது வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் சுதனோடு பந்தெறிந்து விளையாடிய படம் ஒன்று இருக்கிறது. அதே முகம், அதே குனிவு. அவனுக்குப் பின்னால், கூப்பிட்டு வைத்திருந்த மற்றவன் பந்தை எறிந்து எறிந்து கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். பிள்ளையாரே, எட்டு என்ன, பன்னிரண்டுகூடத் தருகிறேன் என்று சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

வேலை முடிந்து சுதன் வந்து பக்கத்தில் இருந்த நேரம், தருண் நீளமாக எறிவதை விட்டுவிட்டான். கிட்ட நிற்கிறவனுக்குச் சின்னதாக ஒன்று. பிடித்தான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு இன்னொன்று. அவனும் பிடித்தான்.

"இப்பிடித்தான் எறிய வேணும்!" என்று சுதன் தொடையில் தட்டினார். "நீளத்துக்கு ஆசைப்படாமல், குடுத்துக் குடுத்துப் போறான் பாத்தீரோ?"

ஒரு கட்டை. இன்னொரு கட்டை. எதிரிகள் பாய்ந்து வருவார்கள். தருண் ஓரடி பின்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி, காதோரமாகக் கையைக் கொண்டுவந்து விடுவான். பந்து சுழன்றுகொண்டு போய், ஓடுகிறவனின் நெஞ்சுக்கு முன்னால், ஏற்கெனவே அங்கே இருந்த மாதிரி நிற்கும். விளையாட்டுத் தெரியாத எனக்கே அது அழகாகத் தெரிந்தது. எட்டு ஆனது. பன்னிரண்டு ஆனது. இடைவேளைக்குப் பிறகு எட்டுப் பந்து தொடர்ந்து பிடிபட்டன. நான் புட்டைத் தொடவில்லை.

என்னையறியாமல் வாய்க்குள் முணுமுணுத்தேன். "போதும் தம்பி. ஓடுறவன்ர வயித்தில குடு."

"என்ன சொன்னீர்?" என்றார் மச்சாள்.

"பிள்ளையாரைக் கூப்பிட்டனான்."

சுதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். நேர்த்தியின் விபரம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "ஒரு பந்துக்கு ஒரு தேங்காயோ? ஐயோ இஞ்சேரும், குவாட்டர்பேக்கின்ர வேலையே அதுதான்! தபால்காரன் குடுக்கிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நேர்ந்த மாதிரியெல்லோ இருக்கு!"

கடைசி நிமிடத்தில் எங்கள் ஆட்கள் நாலு புள்ளி பின்னால் நின்றார்கள். நான் தேங்காயை மறந்துவிட்டேன், உண்மையாகவே மறந்துவிட்டேன். தருண் நான்கு பந்து எறிந்தான். மூன்று பிடிபட்டன. கடைசிப் பந்து மூலைக்கோட்டில், இரண்டு சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில், ஒரு பச்சைச் சட்டையின் விரல்நுனியில் போய் நின்றது: ஆறு புள்ளி, வெற்றி. சுதன் கத்தியதில் மேல்வீட்டுக்காரர் நிலத்தில் தட்டினார். மச்சாள் கண்ணைத் திறந்தாரா தெரியாது. "சொல்லும், சொல்லும், சட்டை என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்.

"பச்சை மச்சாள். பச்சை!"

இருவரும் அழுதோம். ஆரணி எங்களைப் பார்த்துப் பயந்து, டெனிஷில் "யாருக்குக் காயம்?" என்று கேட்டாள்.

கட்டைகளைப் பிறகு எண்ண முடியவில்லை. அவள் பாதியை எடுத்து வீடு கட்டியிருந்தாள். ஆனால் திரையில் விபரம் வந்தது: தருண் எறிந்தது முப்பத்தொன்பது, பிடிபட்டது இருபத்தொன்பது.

திங்கட்கிழமை தமிழ்க்கடைக்குப் போனோம். இருந்த தேங்காய் பதினாலையும் எடுத்தோம். "ஆருக்குக் கலியாணம்?" என்றார் கடைக்கார அண்ணை. மிச்சத்துக்கு டெனிஷ் சுப்பர்மார்க்கெட்டுகளில் அலைந்தோம். அங்கே விற்கிற தேங்காய் எப்படியென்றால், சுலபமாக உடைக்கட்டும் என்று மரம் அறுக்கிற வாளால் நடுவில் வட்டமாகக் கோடு கீறி, பிளாஸ்டிக்கால் சுற்றியிருப்பார்கள். தட்டினால் கிண்ணம் மாதிரி இரண்டாகப் பிரியும். இது சிதறுதேங்காய் ஆகுமா? வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயரிடம் ஒன்றைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளையார் கோடு பாக்கமாட்டார். பிளாஸ்டிக்கை மட்டும் கழட்டிப்போட்டு அடியும்."

அடிக்க வேண்டியவர் சுதன். ஆனால் தேங்காய் மூட்டையைக் காரிலிருந்து தூக்கும்போதே அவருக்கு முதுகு பிடித்துவிட்டது. கோயில் சுவரோடு சாய்ந்து, வளைந்தபடி, தொலைபேசியை மட்டும் உயர்த்தினார். "நான் அக்காவுக்கு நேரடியாக் காட்டுறன். நீர் அடியும். நேர்ந்தது நீர்தானே."

எங்கள் கோயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். தேங்காய் உடைக்கிற கல்லு வாசலுக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. தரிப்பிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விளையாட்டு மண்டபம். அன்று தூறல். சேலையைச் செருகிக்கொண்டேன். தேங்காய்ச் சொட்டு தெறித்துக் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று முதல்நாளே யோசித்திருந்ததால், பட்டுப்பாவாடை உடுத்தியிருந்த ஆரணிக்குச் சைக்கிள் தலைக்கவசத்தைப் போட்டு, நாடிப் பட்டியை இறுக்கிவிட்டேன்.

முதல் தேங்காயை ஓங்கி எறிந்தேன். அது கல்லில் பட்டு, உடையாமல், துள்ளி வந்து என் காலடியில் நின்றது.

"பாஸ் விழுந்திட்டுது" என்றார் சுதன்.

பூசைக்கு வந்தவர்கள் கூடத் தொடங்கினார்கள். நாலைந்து தேங்காய் போன பிறகு கை பழகியது. பத்தைத் தாண்டியதும் சனம் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டது. அறியாத ஓர் அண்ணை முன்னுக்கு வந்து, "தங்கச்சி, கையால மட்டும் எறியாதேங்கோ. இடுப்பைத் திருப்புங்கோ" என்றார். சுப்பர்மார்க்கெட் தேங்காய்களின் முறை வந்தது. அவை சிதறாமல் மரியாதையாக இரண்டிரண்டாகப் பிரிந்து உருண்டன. "இது என்ன, சட்னிக்கு உடைக்கிற மாதிரி" என்று ஒரு மாமி சொன்னது காதில் விழுந்தது. என் கை முழுக்கத் தேங்காய்த்தண்ணீரும் மழைநீரும். தோள் கழன்று விழும் போல் இருந்தது. (அந்த முதலாவது குவாட்டர்பேக்கை நினைத்து முதன்முறையாகப் பரிதாபப்பட்டேன்.)

"இருபத்தெட்டு!" என்றது சனம்.

கடைசித் தேங்காய். தமிழ்க்கடைத் தேங்காயில் ஒன்றை முடிவுக்கென்று எடுத்து வைத்திருந்தேன். இதையாவது தருண் மாதிரிச் செய்வோம் என்று தோன்றியது. ஓரடி பின்னால் வைத்தேன். இடுப்பைத் திருப்பினேன். கையைக் காதோரம் கொண்டுபோனேன். ஈரக்கை. தேங்காய் முன்னால் போகவில்லை. பின்னால் போனது.

என் தோளுக்கு மேலாக, செடிவேலிக்கு மேலாக, தரிப்பிடத்தை நோக்கி அது உயரப் போவதைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு சின்னக் காரிலிருந்து, பந்துப்பையோடு, உயரமான ஓர் இளம்பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் பிள்ளைகளுக்கு, கையால் பந்தெறிந்து விளையாடுகிற ஹாண்ட்போல் பழக்குகிறவள். நான் ஐயோ என்று கத்தவும் அவள் நிமிர்ந்து பார்க்கவும் சரியாக இருந்தது. மற்ற யாராக இருந்தாலும் நான் இன்று இதை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் பையைக்கூட விடவில்லை. ஒற்றைக் கையை உயர்த்தி, தேங்காயைப் பிடித்தாள்.

அவள் தேங்காயைப் பார்த்தாள். சேலைக்காரியைப் பார்த்தாள். கல்லையும், சுற்றிக் கிடந்த துண்டுகளையும், தலைக்கவசம் போட்ட பட்டுப்பாவாடையையும் பார்த்தாள்.

"இதை அதிலே எறியவா வேண்டும்?" என்று டெனிஷில் கேட்டாள்.

நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆரணி முந்திக்கொண்டு, டெனிஷில், "ஓம், பலமாக!" என்று கத்தினாள்.

அந்தப் பெண் மூன்றடி ஓடிவந்து, துள்ளி, வேலிக்கு மேலாக விட்டாள். அப்படி ஒரு சிதறல் அந்தக் கல் கண்டதில்லை. சொட்டு ஒன்று வந்து என் முடியில் ஒட்டியது. "இருபத்தொன்பது!" என்று சனம் கைதட்டியது. யாரோ அரோகரா சொன்னார்கள். அவள் கையசைத்துவிட்டு, "இன்னும் இருக்கிறதா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

தொலைபேசியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"தம்பி, கடைசியை அடிச்சது ஆர்?"

"ஒரு டெனிஷ் பெட்டை அக்கா."

"அவ சைவமோ?"

"தெரியாதக்கா. ஹாண்ட்போல்."

அந்தக் காணொளி ஐந்து நாடுகளிலுள்ள சொந்தக்காரரிடம் அன்றே போய்ச் சேர்ந்தது. தருணும் பார்த்துவிட்டுக் குரல்செய்தி அனுப்பினான். "மாமி, கால் வச்சது நல்லா இருந்தது. மழையில நாங்கள் இடுப்பில ஒரு துவாய் கட்டியிருப்பம், கை துடைக்க. நீங்களும் கட்டுங்கோ." சிரிக்காமல், ஓர் ஆட்டக்காரன் இன்னோர் ஆட்டக்காரிக்குச் சொல்வது போலச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் யார் கையிலிருந்து எது நழுவினாலும் அதற்கு "மாமி பாஸ்" என்று பெயர். கோயிலில் தேங்காய் உடைக்கிற நாட்களில் சின்னப்பிள்ளைகள் சைக்கிள் தலைக்கவசத்தோடு வருகிறார்கள். ஆரணி ஹாண்ட்போல் பழகப் போகிறாள். யார் பழக்குகிறார் என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மட்சிலும் தருண் நன்றாகத்தான் எறிந்தான். ஆனால் வெல்ல வேண்டிய நேரத்தில் அவனுடைய கடைசிப் பந்து சிவப்புமல்லாத பச்சையுமல்லாத, நீலச் சட்டை ஒன்றிடம் போய்விட்டது. மச்சாளுக்கு உடனே விளங்கிவிட்டது. "கடைசித் தேங்காயை வேற ஆள் பிடிச்சது. கடைசிப் பந்தையும் வேற ஆள் பிடிச்சான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" தருணை அனுப்பிவிடவில்லை. ஆனால் வைத்திருப்பதாக உறுதியும் தரவில்லை. வசந்தகாலப் பயிற்சியில் பார்த்து முடிவு சொல்வார்களாம். அதற்கு முன் ஒரு தேங்காயைத் திரும்ப உடைக்கச் சொல்கிறார் மச்சாள்.

சுதன் வேண்டாம் என்கிறார். "உடைச்சால் முப்பதாயிடும். நேர்ந்தது இருபத்தொன்பது. ஒண்டு கூடக் குடுத்தால் பிறகு அவர் ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பார்." எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத் தெரிகிறது. உடைக்காமல் விட்டு, அவனை அனுப்பிவிட்டால்? உடைத்து, அதுவும் பின்னால் போய்விட்டால்?

ஆகவே வாசகர்களே, உங்களில் நேர்த்தி முறைகள் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். கனடாப் புட்போல் தெரிந்தவர்களும் இருக்கலாம். எறிந்தவள் நான், பிடித்து உடைத்தவள் அவள். அந்த இருபத்தொன்பதாவது எனக்குச் சேர்ந்ததா, இல்லையா? தயவுசெய்து கொஞ்சம் சுறுக்காகச் சொல்லுங்கள். தேங்காயை வாங்கிக் கழுவிச் சமையலறை யன்னலில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு துவாயும். நேற்றுச் சுதன் சம்பலுக்கு அதை எடுக்கப் பார்த்தார்.